லாரியிலிருந்து விழாத தசரதன்

1.

இந்தக் கதை ஒரு ஃபிளெக்ஸ் பேனரிலிருந்து பிறந்தது. சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கதை எங்கே பிறந்தது என்று கேட்டால் மலை, மழை, பிரிவு என்று எதையாவது சொல்வதுதான் எழுத்தாளர்களின் வழக்கம். மலை இருக்கத்தான் இருந்தது. பேனர் அதை மறைத்துக்கொண்டு நின்றது.

பௌர்ணமி அன்று, கிரிவலக் கூட்டத்தில் என் ஸ்கூட்டர் வேங்கிக்கால் பக்கம் மாட்டிக்கொண்டபோது பார்த்தேன். வெள்ளை மீசை வைத்த ஒரு பெரியவர் விறைப்பாக சல்யூட் அடிக்கிறார். மார்பில் இரண்டு வரிசைப் பதக்கங்கள். பின்னணியில் ஒரு போர் விமானம், ஒரு புலி, ராஜகோபுரம். "விழுப்புண் கண்ட வேங்கையே! வீரப் பதக்கம் உன்னைத் தேடி வருகிறது!" பக்கத்தில், புலியைவிடப் பெரிதாக, கைகூப்பியபடி சக்கரவர்த்தி.

(சக்கரவர்த்தி ஒரு நாட்டுப்பற்றாளர் பேரவைக்குத் தலைவர். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை ஒன்றுக்கு முதலாளி. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் எழுதவில்லை. அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.)

மறுநாள் அவரே போன் செய்தார். "சார், பேனர் பாத்தீங்களா? அவருக்கு ஒரு வீர வரலாறு எழுதணும். புக்கா போடறோம். நீங்க எழுதறது பாதி, என் போட்டோ பாதி."

ஒத்துக்கொண்டேன். அந்தப் புத்தகம் வரவில்லை. அதற்காக எழுதத் தொடங்கிய பக்கங்கள்தான் இவை.

2.

முதல் தொடக்கம்:

"குண்டுமழை பொழிந்த அந்த டிசம்பர்க் காலையில், தாய்மண்ணின் மானம் காக்கத் தன் இன்னுயிரைத் துச்சமென மதித்து அந்த இளஞ்சிங்கம்"

இதை முடிக்கவில்லை. முடிக்க விடவில்லை. கீழ்பென்னாத்தூரில், பேனரில் இருந்த தசரதன் வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டினேன். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் உட்காராமல் நடந்துகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு கை, சுவரில் ஒரு கை. நாலு எட்டு நடப்பார், நிற்பார், வலது காலைத் தூக்கி வைப்பார், திரும்புவார்.

"மழைலாம் இல்ல சார்" என்றார். "ஒண்ணுதான் வந்து விழுந்துச்சு."

"ஒரே ஒரு குண்டா?"

"எனக்கு ஒண்ணு பத்தாதா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி தனம் குரல் கொடுத்தார். "அந்த ஒண்ணே ஜாஸ்தி. அதையே இடுப்புல வச்சிகினு அம்பது வருஷமா எங்க உசுர வாங்கறாரு. சிங்கமாம் சிங்கம்! பல்லி விழுந்தா அலறுவாரு."

சிங்கத்தை அடித்தேன். துச்சத்தையும் அடித்தேன். இரண்டாவது தொடக்கம்:

"தசரதன் லாரி ஓட்டினார்."

"இது கரெக்ட்டு" என்றார்.

3.

நடந்தது இவ்வளவுதான். எழுபத்தொன்றாம் வருஷப் போர், மேற்கு எல்லை. தசரதனுக்கு மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. பீரங்கிகளுக்கு வேண்டிய குண்டுப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். பக்கத்தில் ஒரு ஷெல் விழுந்து வெடித்தது. கதவைப் பிய்த்துக்கொண்டு ஓர் இரும்புச் சில்லு அவர் இடுப்பில் ஏறியது. அவர் லாரியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பெட்டிகளோடு சேர்ந்து வெடிக்கலாம், முன்னால் பீரங்கிகள் வேறு காத்திருந்தன. போய்ச் சேர்ந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கதவைத் திறந்து

"எறங்கினேன்" என்றார். "விழல. எறங்கினேன்."

அதற்குப் பிறகு படுக்க வைத்துத் தூக்கிப் போனார்கள். ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரே நெரிசல். போர்க்காயம் என்று எழுத வேண்டுமானால் இவர் பிரிவு அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அதிகாரியோ போர்முனையில் இருந்தார். சேர்க்கைச் சீட்டு எழுதுகிறவர் நல்ல மனிதர். ஆளைக் காக்க வைக்காமல் உள்ளே அனுப்ப ஒரு வழி சொன்னார்: இப்போதைக்கு, வண்டியிலிருந்து விழுந்ததாகப் போட்டுக்கொள்வோம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.*

"வலி சார். ஊசி போட்டா போதும்னு இருந்துச்சு. தலைய ஆட்டிட்டேன்."

* அப்புறம்: நம் நாட்டில் புழங்கும் கால அளவுகளில் மிக நீளமானது. யுகத்துக்கும் முடிவு உண்டு என்கிறார்கள்.

போர்க்களம் பார்த்தவர், வண்டியிலிருந்து விழுந்தவராக ஊர் திரும்பினார். ஊரும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது. குடித்துவிட்டு விழுந்தார் என்றார்கள். நிற்கிற லாரியிலிருந்தே விழுந்தார் என்றார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் தனத்தின் அப்பாவிடமே ஒருவர் சொன்னாராம். அன்றைக்கு ஒட்டிய பெயர் லாரி தசரதன். இப்போதும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வெறும் தசரதன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நான் கேட்டுப் பார்த்தேன். ஒரு டீக்கடைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் மலர்ந்து, "அட, நம்ம லாரி!" என்றார்.

4.

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. எழுதுகிறவனுக்கு வரலாம், கேட்கிறவனுக்கு வரக்கூடாது. கேட்டே விட்டேன்.

"நிஜமாவே விழலையா?"

அவர் கத்துவார் என்று நினைத்தேன். உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாம்பல் நிற எலும்புக்குப் பக்கத்தில், புளியங்கொட்டை அளவில், வெள்ளையாக ஒன்று.

"லாரிலருந்து விழுந்தா சிராய்க்கும், எலும்பு ஒடியும். இது எப்படி சார் உள்ள போவும்?"

நியாயமான கேள்வி. வடக்கே, பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில் இருக்கிற ராணுவ ஆவண அலுவலகத்துக்கு இதைத்தான் எழுதிக் கேட்டிருந்தார்: என் குறிப்பைத் திருத்துங்கள், காயம்பட்டவர்களுக்குத் தரும் பதக்கம் எனக்கும் சேர வேண்டும். அவர்கள் பதிலும் நியாயமாகவே இருந்தது. படத்தில் இரும்பு தெரிகிறது, யாருடைய இரும்பு என்று தெரியவில்லை. எனவே ஒரு மருத்துவக் குழு அவரை நேரில் பரிசோதிக்கும். பழைய தழும்பு, இரும்பு உள்ளே போன வழி, அது தங்கிய இடம் எல்லாவற்றையும் பார்க்கும்.

ஆகவே தசரதன் தன் இடுப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். ஆதாரம் கலையக்கூடாது அல்லவா? ஆனால் ஆதாரத்தைச் சுற்றிச் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. ஆபரேஷன் செய்து உடனே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்தி வைத்தால் தழும்பும் போகும், வழியும் போகும். இவர் உட்காராததற்கு அந்தச் சீழ்தான் காரணம். இந்தக் கதையும் ஓர் இடத்தில் உட்காராமல் அலைவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

"மெடலு வந்தா இன்னா பண்ணப்போறாரு கேளுங்க சார்" என்றார் தனம், காபி டம்ளரோடு வந்து. "சட்டையில குத்திகினு ரேஷன் கடைக்குப் போவாரா?"

"போவேன்."

"ஒங்களுக்குன்னு தனியா அரிசி அளப்பாங்களா?"

"லாரின்னு கூப்ட மாட்டாங்க."

தனம் டம்ளரை என் கையில் கொடுப்பதற்குப் பதிலாகத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். (கோபம் வந்தால் தனமும் அவரை "யோவ் லாரி" என்றுதான் கூப்பிடுகிறார். என் காதாலேயே இரண்டு முறை கேட்டேன். இதைக் கதையில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்து, அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைக்கிறேன்.)

5.

கதையில் இப்போது ஒரு திருப்பம் வேண்டும். நான் கண்டுபிடிக்கவில்லை, சக்கரவர்த்தி ஏற்கெனவே அடித்து நட்டிருந்தார்.

அந்தப் பேனரை யாரோ போட்டோ எடுத்து ஆவண அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கடிதம் வந்தது. மனுதாரர் தமக்கு வழங்கப்படாத பதக்கங்களை அணிந்து பொது இடத்தில் காட்சியளிப்பதாகத் தெரிகிறது. விளக்கம் தரவும். அதுவரை மருத்துவக் குழுவின் பரிசோதனை நிறுத்தி வைக்கப்படுகிறது.

சக்கரவர்த்தியின் கடைக்குப் போனேன். மெஷின் ஒரு காதுகுத்து பேனரைத் துப்பிக்கொண்டிருந்தது.

"எங்கேருந்து எடுத்தீங்க அந்தப் பதக்கத்தையெல்லாம்?"

"நெட்லருந்து சார். ஒரு ஜெனரல். நல்ல குவாலிட்டி."

"எந்த நாட்டு ஜெனரல்?"

சக்கரவர்த்தி காதுகுத்து பேனரை இழுத்து நேராக்கினார். "அதெல்லாம் கீழருந்து பாத்தா தெரியாது சார்."

"ஒண்ணுமே இன்னும் கொடுக்கலையே. வந்தப்புறம் போட்டிருக்கலாமே?"

"ஊரு நெலவரம் தெரியாம பேசறீங்களே. பௌர்ணமிக்கு எத்தினி லட்சம் ஜனம் வருது! அடுத்த மாசம் அந்த எடம் கெடைக்குமா? வந்தப்புறம் போடலாம்னு இருந்தா வேற எவனாவது முந்திக்குவான். நாமதான் மொதல்ல வாழ்த்தணும். மார்ல ஒண்ணும் இல்லாம சல்யூட்டு அடிச்சா எடுப்பா இருக்குமா, சொல்லுங்க? பொண்ணு பாக்க வரப்ப நகை போட்டுக் காட்டறதில்ல?"

"இப்ப அவர் கேஸ் நின்னுபோச்சே."

"அதுக்கு இன்னா சார். விளக்கம் சொல்லி இன்னொரு ஃபிளெக்ஸ் போட்டுடுவோம்."

அவரைக் கெட்டவராக எழுத மிகவும் முயன்றேன், வரவில்லை. அந்த மனிதர் உண்மையாகவே சந்தோஷமாக வாழ்த்தியிருக்கிறார். அதுதான் கோளாறு.

தசரதனிடம் பேனரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பஸ்ஸுல போவசொல்ல எறங்கிப் பாத்தேன். மூஞ்சி என்னுது. ஒடம்பு எவனோடதோ." கொஞ்ச நேரம் நடந்தார். "அந்த ஆளு நல்லா ரெண்டு காலையும் ஊனி நின்னுகினு இருந்தான் சார்."

6.

முடிவுகள். கைவசம் சில இருக்கின்றன.

முடிவு ஒன்று: விளக்கம் ஏற்கப்படுகிறது. மைதானத்தில் விழா. வாத்தியக் குழு. பதக்கம் குத்தப்படும்போது தனத்தின் கண்கள்

வேண்டாம். தசரதன் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு சார், ஆனா நடக்கல" என்றார்.

முடிவு இரண்டு: அவர் இறந்துவிடுகிறார். பதினாறாம் நாள் காரியத்தன்று தபாலில் பதக்கம் வருகிறது. நல்ல முடிவு. இதற்கு எனக்கே ஏதாவது பதக்கம் கிடைக்கலாம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே தனம் வாசற்படிக்கு வந்துவிட்டார்.

"இன்னா சார், ஒங்க கதைக்கு எங்க வூட்டு ஆளத்தான் சாவடிக்கணுமா? ஒங்க வூட்டுல யாரும் இல்லியா?"

மன்னிப்புக் கேட்டுக் கிழித்தேன்.

முடிவு மூன்றை நான் எழுதவில்லை. அது நடந்துகொண்டிருக்கிறது.

7.

விளக்கக் கடிதம் போய் பதில் வருவதற்குள் தசரதனுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. திருவண்ணாமலையில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். தள்ளுவண்டியில் படுக்க வைத்திருக்கிறார்கள். இத்தனை நாளில் அவர் நடக்காமல் இருந்து இப்போதுதான் பார்க்கிறேன். எக்ஸ்ரே உறை என் கையில். தனம் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சேர்க்கைக்கு எழுதுகிற நர்ஸ் சின்னப் பெண். களைத்த முகம், அன்பான குரல்.

"எப்படி தாத்தா அடிபட்டுச்சு?"

"ஷெல்லு. சண்டையில."

"எந்த சண்ட? யாரு கூட?"

"பாகிஸ்தான்."

நர்ஸ் பேனாவை நிறுத்தி எங்களைப் பார்த்தார். காய்ச்சலில் உளறுகிறாரா என்ற பார்வை. நான் உறையை நீட்டினேன். படத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அம்மா, குண்டு கிண்டுனு எழுதினா நாங்க போலீஸுக்குச் சொல்லணும். அவங்க வந்து எழுதிகினு போனாத்தான் ஆபரேஷன் தியேட்டர். டாக்டர் மதியானமே கெளம்பிடுவாரு. தாத்தாவுக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வண்டியிலருந்து விழுந்துட்டாருன்னு போட்டுக்கட்டுமா? சுளுவா முடிஞ்சிடும். அப்புறம் மாத்திக்கலாம்."

அந்தப் பெண்ணுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரியாது. எங்கள் மூவருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

விழுந்தார் என்று எழுதினால், கத்தி தழும்பைத் தின்ற பிறகு மிஞ்சப்போவது இந்தக் காகிதம்தான். இரண்டு ஆஸ்பத்திரிகளில், வாழ்க்கையின் இரண்டு முனைகளில், ஒரே வாக்கியம். எந்தக் குழுவும் அதற்கு மேல் பார்க்காது. ஷெல் என்று எழுதினால், போலீஸ் எப்போது வரும் என்று தெரியாது. டாக்டர் நிற்பாரா என்று தெரியாது. சீழுக்கு இதெல்லாம் புரியாது.

தசரதன் இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை. தனத்தைப் பார்த்தார்.

தனம் வாயைத் திறந்தார்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். "யோவ் லாரி" என்று அழைக்கிற வாய் அது. வாசற்படியில் நின்று என் இரண்டாவது முடிவைக் கிழிக்க வைத்ததும் அதே வாய்தான். அதிலிருந்து என்ன வரும் என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

"பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, யாராவது சொல்லுங்க" என்றார் நர்ஸ். என்னைப் பார்த்தார். நான் சொந்தக்காரன் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது உங்களைப் பார்க்கிறார்.

அடிபட்ட விதம்: ..................................