சாதகத்தோடு ஓர் இரத்த அறிக்கை

புலம்பெயர்ந்து வந்த நகரின் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு டொக்டர் வீட்டில் வேலை செய்த கனகேஸ்வரி, அவருடைய மறதிநோய் ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுத்தது 1996 தையில். பங்குனியில் முடிவு வந்தது. அவளுடைய தாயை முதுமையில் வாட்டிய அந்த மறதிநோய், ஊரார் சொல்லும் அறளை, அவளுக்கும் வரக்கூடிய பரம்பரைக்கூறு ஒன்று இருந்தது. கட்டாயம் வருமென்றில்லை, மற்றவர்களைவிட வாய்ப்புக் கூட என்றார் டொக்டர். மறதி தொடங்கப் பல வருடம் முன்பே மூளையில் ஒரு புரதம் கறைபோலப் படியத் தொடங்கிவிடுமாம்.

அதே கிழமை, அந்த நகரிலேயே இருந்த நாகபூசணி தன் மகன் பிரணவனுக்காகக் கனகேஸ்வரியின் மகள் துசானியின் சாதகம் கேட்டு ஆள் அனுப்பினாள். கட்டினால் பிரணவனைத்தான் என்று நின்றவள் துசானி.

கனகேஸ்வரி மகளின் சாதகத்தை உறைக்குள் வைத்தாள். இரத்த அறிக்கையையும் கூடவே வைத்தாள்.

"உமக்கு இப்பவே அறளை பேந்திட்டுதோ?" என்றார் கணவர் விக்னராஜா. "ஆர் கேட்டது உம்மடை இரத்தத்தை? சம்பந்தம் குழம்பப் போகுது."

"பிறகு தெரிஞ்சால் பிள்ளையைத்தான் குத்திக் காட்டுவினம்."

"அனுப்புங்கோ அம்மா," என்றாள் துசானி. உறையைத் தானே ஒட்டினாள்.

நாலு நாளாகப் பதில் இல்லை. விக்னராஜா மனைவியோடு கதைப்பதையே விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் காலை நாகபூசணி, கால்சாப் பகுதியில் இருந்த அவர்களுடைய வீட்டின் மூன்று மாடிப் படியும் ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றாள். கையில் அதே உறை.

"முதல்லை தண்ணி தாரும்." குடித்து முடித்துத்தான் வாய் திறந்தாள். "என்னைப் பெத்த ஐயா கடைசியிலை அறளை பேந்து, என்னைத் தன்ரை மாமியெண்டு நினைச்சு, கண்டவுடனை எழும்பி நிப்பார். தங்கச்சியின்ரை கலியாணம் குழம்புமெண்டு மூண்டு வருசம் அவரை வெளியிலை விடேல்லை. ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. நீர் என்னெண்டால் எழுத்திலை அனுப்பிறீர்."

"மறைக்க மனம் வரேல்லை அக்கா."

"அதுதான் வந்தனான். இப்பிடியொரு வீட்டிலைதான் பெண் எடுக்கவேணும். வைகாசியிலை நாள் பாத்தாச்சு."

கனகேஸ்வரி ஒரு கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டாள். "அப்ப உங்களுக்கும் அது இருக்கலாம் அக்கா."

"இருக்கட்டும். ரண்டு பேருமா பேரப்பிள்ளையளைப் பேர் மாத்திக் கூப்பிடுவம்."

குசினிக்குள் அடுப்பருகே துசானி வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. விக்னராஜாவோ அதற்குள் யன்னலைத் திறந்து, தெருவில் நின்ற தன் கூட்டாளி றோபேட்டைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஓம் ஓம், சரிவந்திட்டுது. ஒளிக்காமல் சொல்லிப்போட்டம், அதுதான் விசயம்."