அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்

பார்சல் கொட்டகையில் காலை ஷிப்டு முடித்து வந்தவள், முகத்தைக் கூடச் சரியாகத் துடைக்காமல், சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே திரையைத் திறந்தாள். தோள்பட்டை இரண்டையும் யாரோ கழற்றி இடம் மாற்றி மாட்டிவிட்டதுபோல் வலித்தது. வந்திருக்கும் புகார்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதுகைச் சாய்த்துவிட வேண்டும், இன்றைக்கு வேறு எதிலும் கை வைப்பதில்லை என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் வந்தாள். வீட்டில் அவளுக்குப் பூச்சிக்காரி என்று பேர். வைத்தது அவளுடைய அண்ணன். மென்பொருளில் வரும் பிழையைப் பூச்சி என்பார்கள் என்று எப்போதோ காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கு மருந்து அடிக்க ஆளே வேண்டாம், தங்கச்சி இருக்கா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அதுவே நிலைத்துவிட்டது.

அவளும் அண்ணியும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் மென்பொருளுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் அது 'பெட்டி'. ஒரு கணினிக்குள்ளே இன்னொரு கணினியை உண்டாக்கி ஓடவிடுவது அதன் வேலை. உள்ளே இருப்பதற்குத் தான் இன்னொன்றின் வயிற்றுக்குள் இருக்கிறோம் என்பதே தெரியாது. அது பாட்டுக்கு ஓடும். அதை எழுப்ப, நிறுத்த, அதற்கு இடம் கூட்ட, குறைக்க எல்லாவற்றுக்கும் பெட்டிதான் பொறுப்பு. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஆரம்பித்து வைத்தது அண்ணி. தன் மூத்த பிள்ளை தொட்டிலில் கிடந்த காலத்தில், ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு எழுதியது. கொட்டகையிலும் அதைத்தான் போட்டிருந்தார்கள். ஒருநாள் அது படுத்துவிட, இவள் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சண்டைக்கு நின்றாள். "வாய் பேசறவ வந்து சரி பண்ணு" என்றாள் அண்ணி. அதை ரோஷமாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அன்றைய புகார்களில் ஒன்று செயற்கைக் கால் செய்கிற ஒருவருடையது. கால் அளவு எடுக்கிற நிரல் ஒன்று அவரிடம் இருந்தது. அதைச் செய்த கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறது. அது பழைய கணினியில் மட்டும்தான் ஓடும். அதனால் புதுக் கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் பெட்டியின் தயவில் குடிவைத்திருந்தார். எழுத்து ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு நின்றாலும் விஷயம் தெளிவாக இருந்தது. 'இடம் பற்றாமல் போனது. நீங்கள் எழுதி வைத்திருந்தபடியே டிஸ்கைப் பெரிதாக்கினேன், அருமையாக ஓடியது, அதற்கு உங்களுக்கு நன்றி. இன்று காலை, பழைய சேமித்த நிலை ஒன்று வீணாகக் கிடக்கிறதே என்று அதை நீக்கினேன். அதோடு உள்ளே இருக்கிற கணினி திறக்க மாட்டேன் என்கிறது. கால் வாங்கக் காத்திருக்கிற அத்தனை பேர் அளவும் அதற்குள் இருக்கிறது. அளவு கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ஒற்றைக் காலோடு மறுபடி பஸ் ஏறி வா என்று எப்படிச் சொல்வேன்.' கீழே பட்டறையின் தொலைபேசி எண்.

அதற்கும் கீழே பெட்டியின் வழக்கமான பதில், யாரும் தட்டாமலே தானாகப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. 'புதிய பதிப்பைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் எழுதுங்கள்.' வாசகம் அண்ணியுடையது. அதைத் தானாகப் போகும்படி செய்து வைத்தவள் இவள். பாதிப் புகார் அதிலேயே தீர்ந்துவிடும் என்பது உண்மைதான்.

தட்டில் கை காய்ந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி ஒன்றை இதற்கு முன்னாலும் படித்திருக்கிறோமே என்று அவளுக்குள் உறுத்தியது. தேடினாள். இருந்தன. சேமித்த நிலையை நீக்கினேன், உள்ளே இருப்பது செத்துவிட்டது என்று அங்கொருவரும் இங்கொருவருமாக எழுதியிருந்தார்கள். எல்லாப் புகார்களும் மூடிக் கிடந்தன. 'எங்களிடம் அப்படி நடக்கவில்லை, உங்கள் டிஸ்க் பழுதாக இருக்கலாம்' என்று அண்ணி ஒவ்வொன்றிலும் மரியாதையாக எழுதி மூடியிருந்தாள். அண்ணியும் பொய் சொல்கிறவள் இல்லை. செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். ஆனால் இத்தனை பேருக்கும், அதுவும் ஒரே காரியம் செய்த கையோடு, டிஸ்க் பழுதாகுமா என்ன. அவள் தட்டைக் கீழே வைத்தாள். முதுகு சாய்க்கிற பேச்சு அதோடு போயிற்று.

சேமித்த நிலை என்பது, வரைந்த படத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளைப் போர்த்துகிற மாதிரி. அதற்கப்புறம் எழுதுவதெல்லாம் மேல் தாளில் விழும். அடியில் இருப்பது அப்படியே கலையாமல் இருக்கும். சேமித்த நிலை வேண்டாம் என்று நீக்கும்போது, மேல் தாளில் எழுதியதை அடித் தாளில் இறக்கி எழுதிவிட்டு, மேல் தாளைக் கிழித்துப் போட வேண்டும். அந்த இறக்குகிற வேலை முழுக்க அண்ணியின் கைவண்ணம். இவள் ஒரு சின்னக் கணினியை உள்ளே உண்டாக்கி, நிலையைச் சேமித்து, நீக்கிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் எழுதி, நீக்கினாள். குத்துக்கல் மாதிரி நின்றது. கால் செய்கிறவர் நன்றி சொல்லியிருந்த இடத்தை மறுபடி படித்தாள். டிஸ்கைப் பெரிதாக்கினேன். சரி, சேமித்துவிட்டுப் பெரிதாக்கினாள். அப்போதும் ஓடியது. வண்டியில் நாலு பார்சலை ஏற்றிவிட்டு அச்சு தாங்குகிறது என்று சொல்கிறோம் என்று பட்டது. கொட்டகையில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். விளிம்பு வரைக்கும் ஏற்றினாள். பெரிதாக்கிய இடம் முழுவதையும் கண்ட குப்பையால் நிரப்பிவிட்டு, சேமித்த நிலையை நீக்கினாள்.

உள்ளே இருந்த கணினி திறக்கவில்லை.

மேல் தாள் நீளம், அடித் தாள் குட்டை. இறக்கி எழுதிக்கொண்டே வந்த கை, அடித் தாள் முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. மீதி எழுதப்படவில்லை என்பதைக் கேட்க ஆளில்லை. வேலை முடிந்தது என்று மேல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டது. பூச்சி அகப்பட்டுவிட்டது, ஆனால் அந்த மனிதரின் அளவுகள் போனது போனதுதான்.

போய்விட்டதா என்று பார்ப்பதற்குத்தான் தன் டிஸ்கில் எவ்வளவு இடம் காலி என்று கணக்குப் பார்த்தாள். மேல் தாள் இருந்த கோப்பைக் காணோம். ஆனால் அது பிடித்திருந்த இடம் மட்டும் திரும்பி வரவில்லை. சரக்கை இறக்கியாயிற்று என்கிறார்கள், லாரி இன்னும் அமுங்கித்தான் நிற்கிறது. அப்படியானால் உள்ளே சரக்கு இருக்கிறது. அண்ணியின் நிரலைத் திறந்து வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். கோப்பைத் திறந்த இடம் இருந்தது. மூடுகிற வரியே இல்லை. மறந்துவிட்டிருக்கிறாள். பெயர் அழிந்தாலும் பெட்டி அந்தக் கோப்பைக் கையில் பிடித்தபடியே இருக்கிறது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் அதற்குள் இருப்பதை எடுத்துவிடலாம். அணைத்தால் கை விட்டுவிடும். ஒரு தவறு இன்னொரு தவறைக் கீழே விழாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அவள் கண், புகாருக்கடியில் ஒட்டியிருந்த பதிலில் போய் நின்றது. 'எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.'

அண்ணி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாயில் கிளிப்பு.

"அண்ணி, கீழே போடுங்க அதை. வாங்க."

"என்ன, உன் பூச்சி பிள்ளை பெத்துடுச்சா?"

"நம்ம இறக்கி எழுதற வேலையில ஓட்டை. டிஸ்கைப் பெருசாக்கி நிறைச்சா வால் அறுந்துபோகுது."

அண்ணி கிளிப்பை எடுத்தாள். "நான் அதை நூறு தடவை ஓட்டிப் பார்த்திருக்கேன். என் கையில ஓடுது."

"உங்க கையில எல்லாம் ஓடும். பாதி ரொப்பிட்டுப் பார்த்திருப்பீங்க. நானும் அப்படித்தான் பார்த்தேன்." அவள் மூச்சு வாங்கினாள். "அது கிடக்கட்டும் அண்ணி, அப்புறம் சண்டை போடலாம். மேல் கோப்பு இன்னும் போகலை. நீங்க மூட மறந்ததால பிழைச்சுக் கிடக்கு. அணைச்சா போயிடும். நாம அந்தாளை அணைக்கச் சொல்லியிருக்கோம்."

அண்ணி கையில் இருந்த சட்டையைத் பால்கனிச் சுவரில் அப்படியே போட்டாள். திரைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டே படித்தாள். தன் நிரலைப் படித்தாள். மூடிக் கிடந்த பழைய புகார்களைத் திறந்து படித்தாள். ஒன்றில் கடைசியாக ஒருவர், 'நீங்கள் சொன்னபடி அணைத்துப் போட்டேன், வரவில்லை. பரவாயில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுக்கொள்கிறேன். நன்றி' என்று முடித்திருந்தார்.

"நன்றின்னு வேற எழுதியிருக்கான்" என்றாள் அண்ணி. அவள் முகம் சுருங்கியது. தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டது அவள்தான்.

மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஏதோ இயந்திரம் எதையோ தேய்த்து ராவிக்கொண்டிருந்தது.

"பட்டறைங்க. நான் காலுக்கு பெல்ட் தைக்கிறவ பேசறேன். அண்ணன் மாவுக்கட்டு போட்டுட்டு இருக்காரு, முழங்கை வரைக்கும் மாவு. என்ன விஷயம்?"

"அவர் கம்ப்யூட்டரை அணைச்சுட்டாரா?"

"அதைத்தாங்க காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்காரு, கை ஒழியலை. அணைக்கணுமா? நான் வேணா அணைச்சுடட்டுமா, பக்கத்துலதான் நிக்கிறேன்."

"வேண்டாம்மா. தொடாதீங்க" என்றார்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல். "ஜன்னலைக்கூட மூடாதீங்க" என்றாள் இவள்.

"காத்து வர்ற ஜன்னலையா?"

"இல்லம்மா, திரையில இருக்கிறதை. அதை அப்படியே விடுங்க. அவர் காதுல போனை வைங்க."

கால் செய்கிறவருக்குக் கனத்த குரல். எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். அப்புறம் நிதானமாக, "அணைங்கன்னு எழுதினதும் நீங்கதான். அணைக்காதேன்னு போன் பண்றதும் நீங்கதான். அங்க எத்தனை பேருதான் இருக்கீங்க?" என்றார்.

"ரெண்டே பேருதாங்க" என்றாள் அண்ணி. "எழுதினது நான். தப்பா எழுதிட்டேன். கண்டுபிடிச்சது என் நாத்தனார். இப்ப ரெண்டு பேரும் ஒரே பேச்சுதான் பேசறோம்."

"நாத்தனாரும் அண்ணியும் ஒரே பேச்சு பேசறீங்கன்னா விஷயம் பெருசுதான்" என்றார் அவர். "சொல்லுங்க, என்ன பண்ணணும்?"

அவர் கையில் மாவு இறுகிக்கொண்டிருந்ததால் பெல்ட் தைக்கிறவள்தான் உட்கார்ந்தாள். கணினியில் அவள் தட்டியதெல்லாம் ரசீதுதானாம். அண்ணி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிவிட்டுத் தட்டினாள். இடையில் ஒரு கோட்டைச் சாய்த்துப் போடுவதா நேராகப் போடுவதா என்பதில் தகராறு வந்தது. "எந்தப் பக்கம் சாயணும்?" "உங்க வலது பக்கம்." "எனக்கு எதிர்ல இருக்கிற திரைக்கு வலதா, எனக்கு வலதா?" அண்ணி கண்ணை மூடித் திறந்தாள். கோபப்படவில்லை. இவளுடைய அண்ணனாக இருந்தால் இந்நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். பெயர் அழிந்த கோப்பு எண்ணாக மட்டும் தெரிந்தது. அலமாரியில் கிடந்த வெளி டிஸ்க் ஒன்றைத் தேடி எடுத்துச் செருகி, அதற்குள் நகல் எடுக்கச் சொன்னார்கள். அடித் தாள் முடிகிற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னாள் அண்ணி, அதைத் தாண்டி வருவதுதான் அறுந்துபோன வால். எண்கள் ஏற ஆரம்பித்தன. மெதுவாகத்தான் ஏறின.

"இதை முடிச்சதும் எல்லாம் வந்துடுமா?" என்றார் அவர்.

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையை அசைக்கவில்லை. "கோப்பு முழுசா வந்தாத்தான் சொல்ல முடியும்" என்றாள் இவள். "வந்துட்டா, அடியில இருக்கிறதோட சேத்து எழுதறதுக்கு நாங்க பொறுப்பு. அது வரைக்கும் யாரும் அணைக்கக் கூடாது. கரண்டு?"

"பேட்டரி இருக்கு."

"அப்ப போனை வைக்காதீங்க. ஸ்பீக்கர்ல போட்டு அப்படியே விட்டுடுங்க."

தொலைபேசியை மேசையில் நடுவே வைத்தார்கள். அண்ணி முதலில் செய்த காரியம், அந்தத் தானியங்கிப் பதிலைப் பிடுங்கி எறிந்தது. அதன் இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தாள். 'எதையும் அணைக்காமல் எங்களுக்கு எழுதுங்கள்' என்று மட்டும் போட்டாள். அப்புறம் மூடிய புகார்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத உட்கார்ந்தாள். ஒரே வாசகத்தை எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை.

பக்கத்தில் இவள் திருத்தத்தை எழுதினாள். இறக்குவதற்கு முன்னால் அடித் தாளை அளந்து பார். குட்டையாக இருந்தால் நீட்டு. எழுதி முடித்ததும் திரும்பப் படித்துச் சரிபார். அது முடிகிற வரை மேல் தாளில் கை வைக்காதே. எழுதி அண்ணியின் பார்வைக்கு அனுப்பினாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சம்மதித்தால்தான் உள்ளே போகும். அவர்களுக்குள் அது கட்டாயம். ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான்.

அண்ணி படித்தாள். "கோப்பை மூடற வரியையும் சேத்துட்டியே. இனிமே யாருக்காவது வேற மாதிரி அறுந்தா, பிடிச்சுக்கிட்டு இருக்க ஒண்ணும் இருக்காதே."

அவள் யோசித்தாள். "சரிதான் அண்ணி. அப்ப உடனே அழிக்க வேண்டாம். பேர் போட்டு ஓரமா வச்சுட்டு, உள்ள இருக்கிறது ஒருதரம் ஒழுங்கா எழுந்ததுக்கப்புறம் அழிக்கட்டும்."

"அப்படி எழுது."

"இதுல உங்க பேர் வரும். யார் வரியை யார் மாத்தினதுன்னு."

"வரட்டும். வராம எங்க போகும்."

"ம்மா" என்று மேசையிலிருந்து குரல் வந்தது. கால் செய்கிறவர். "நீங்க குறிச்சுக் குடுத்த இடத்துக்கிட்ட வந்துடுச்சு."

அடித் தாள் முடிந்த இடம் அது. இருவரும் தட்டுவதை நிறுத்தினார்கள். அந்தப் பக்கமும் ராவுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. இவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"தாண்டிடுச்சு."

"ஓடுதா?"

"ஓடுது. நிக்கலை. இன்னும் ஏறிக்கிட்டேதான் இருக்கு."

"முடியட்டும். அணைக்காதீங்க."

"நான் எதுக்கும்மா அணைக்கிறேன்" என்றார் அவர். குரல் தள்ளிப் போயிற்று.

இவள் திருத்தத்தின் மீதி வரிகளுக்குத் திரும்பினாள். அண்ணி பழைய புகாரில் நன்றி சொன்னவருக்குரிய பதிலைத் தொடங்கி, ஒரு வரி எழுதி, அதை அழித்தாள். அப்போது தொலைபேசியிலிருந்து ஒரு காலடிச் சத்தம் வந்தது. கனமாக ஒன்று, அதை அடுத்து லேசாக, ஒரு சிறு கிறீச்சலோடு இன்னொன்று. யாரோ புதுக்கால் போட்டு நடந்து பார்க்கிறார்கள். "கம்பியைப் பிடிக்காம வாங்க, நான் இருக்கேன்" என்றாள் பெல்ட் தைக்கிறவள். கனம், கிறீச். கனம், கிறீச். அண்ணியின் விரல்கள் எழுத்துகளுக்கு மேலே அப்படியே நின்றன. அந்த நடை பட்டறையின் கோடிவரை போய் நின்றது. திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு, இந்தப் பக்கம் பார்த்து, ஒவ்வோர் அடியாக வரத் தொடங்கியது.