காய் கழிக்கும் கை

ஏணியில் ஏறி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கீழே கிடந்தவை மொத்தம் ஒன்பது காய்கள், அதிலும் இரண்டு தானாக விழுந்தவை. கிளைக்கு முப்பது நாற்பது நெக்டரின் காய்கள், கோலிக்குண்டு அளவில், வழவழவென்று தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தன. ஒரு சாணுக்கு ஒன்றை விட்டுவிட்டு மிச்சத்தை உதிர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாமே எலுமிச்சை அளவில் நின்றுபோகும், பாரம் தாங்காமல் கிளையும் முறியும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்து என்ன, கை வரவில்லை.

சொந்த மரத்தில் யாருக்கும் கை வராது. அதனால்தான் எனக்கும் அண்ணனுக்கும் ஓர் ஏற்பாடு. வேலிக்கு மேல்பக்கம் அவனுடைய பீச் மரங்கள், கீழ்ப்பக்கம் என் நெக்டரின். ரோமமில்லாத பீச்தான் நெக்டரின். "மொட்டை" என்பான் அண்ணன், தன் தலையை மறந்துவிட்டு. இருபத்திரண்டு வருடமாக என் மரங்களில் அவன் கழிப்பான், அவன் மரங்களில் நான். அடுத்தவர் காய் என்றால் விரல் தயங்காது. குளிர்காலத்தில் கிளை வெட்டுவதும் அப்படித்தான்.

வினை அங்கேதான் வந்தது. போன வருடம் துளிர்த்த கிளையில்தான் இந்த வருடம் காய்க்கும். அது சிவந்திருக்கும், பழைய கிளை சாம்பல் நிறம். எங்கள் வீட்டில் நடை பழகும் குழந்தைக்கும் இது தெரியும். இந்தக் குளிரில் அண்ணன் என் முதல் வரிசையில் சிவந்ததை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு, சாம்பலைப் பத்திரமாக விட்டுவைத்திருந்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணியும் வேலையாட்களும் பார்த்துக்கொண்டிருக்கவே கத்தினேன். "இத்தனை வருஷம் செஞ்ச வேலை மறந்துபோச்சா? இதுக்கு நீ வராமலே இருந்திருக்கலாம்." அவன் கத்தரியைத் துடைத்து ஏணிப்படியில் வைத்துவிட்டுப் போனான். அதோடு நாலு மாதமாகப் பேச்சில்லை.

தினமும் காலையில் ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பேன். உள்ளே கொட்டை இறுகிவிட்டால் அப்புறம் கழித்தும் பிரயோஜனமில்லை. இன்று கத்தி இறங்கியது, ஆனால் முனகிக்கொண்டு. மிஞ்சினால் நாலு நாள். ஒன்பது வரிசை மரங்கள் காத்துக் கிடந்தன, அண்ணனைக் காணோம். பேச்சில்லை என்றால் வேலையுமா இல்லை? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் மரத்தை நான் கழித்து வைக்கிறேன், வெட்கப்பட்டாவது வரட்டும் என்று வேலியைத் தாண்டினேன்.

ஓரத்து மரத்தில் அண்ணனே நின்று காய் கழித்துக்கொண்டிருந்தான். சொந்த மரத்தில்! இனி என் கையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டானா? திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஒரு காயில் கட்டைவிரலை வைத்து, சுண்டுவிரலைக் கிளையோடு நீட்டி, அது தொட்ட காயை விட்டுவிட்டு, நடுவில் இருந்ததை எல்லாம் உதிர்த்தான். என் காலடியில் சருகு நொறுங்கியது, கண்ணைத் திறந்தான். நாலடி தூரத்தில் நிற்கிறேன்.

"யாரு அது?" என்றான்.

கிளை வெட்டிய அன்று அவனுக்குச் சிவப்பும் சாம்பலும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

"நான்தாண்ணா."

"பாப்பாவா?" ஐம்பத்தொரு வயதிலும் நான் அவனுக்குப் பாப்பாதான்.

"எத்தனை நாளா இப்படி?"

"போன அறுவடையிலேர்ந்து. எதைப் பார்த்தாலும் பனி மூடின மாதிரி இருக்கு. உங்க அண்ணிகிட்ட சொல்லல, சொன்னா ஊரைக் கூட்டிடுவா."

"அன்னிக்கு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க பேச விட்டே?" சிரித்தான். பிறகு கையிலிருந்த காயை உருட்டிக்கொண்டே சொன்னான். "உன் வரிசையைக் கெடுத்துட்டேன். மறுபடி கை வைக்கப் பயமா இருந்துச்சு. அதான் என் மரத்துல விரலாலயே பழகிக்கறேன். கெட்டா என்னோடது கெடட்டும். சரியா வந்துச்சுன்னா உன்கிட்ட வரலாம்னு இருந்தேன். என் காய்ல ரோமம் இருக்கு, பிடிபடுது. உன் மொட்டை வழுக்குமே?"

என் வாயின் நீளத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. இந்த மனிதனையா அத்தனை பேர் முன்னால் ஏசினேன்? சாணால் கிளையை அளந்து பார்த்தேன். ஓர் இலைக்கு அடியில் மட்டும் இரண்டு காய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சத்தமில்லாமல் ஒன்றைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு. நாளைக்குக் காலையில என் மரம். மத்தியானம் கண் டாக்டர்."

"அறுவடை முடியட்டும் பாப்பா."

"டாக்டர்கிட்ட வரலைன்னா என் மரத்துக்கும் வர வேண்டாம்."

வாய்தான் சொன்னது. அவன் வராவிட்டால் நாலு நாளில் என் காய்கள் வீண். அவன் அடுத்த கிளையைத் தடவத் தொடங்கினான்.

மறுநாள் காலையில் வேலிக்கதவு கிறீச்சிட்டது. அண்ணன் வந்தான். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போடும் வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல். சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டு, ஏணியைத் தடவி ஏறினான். என் காய் விழுவதைப் பார்க்க மனசு வராமல், எல்லா வருடமும் போல நான் திரும்பி நின்றுகொண்டேன்.

முதலில் ஒன்று விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு படபடவென்று உதிரத் தொடங்கின. ஒரு காய் சரிவில் உருண்டு வந்து என் செருப்பில் முட்டி நின்றது.