கழுத்துக் குழாய்

ஃபெங் குவாங் நல்ல முரட்டு ஆள். ஜியாமூசி நகரில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள கொதிகலன் கூடத்தில் கரி அள்ளுகிறவன். அப்பா என்றால் அவனுக்கு உயிர், அதை நான் மறுக்கவில்லை. உறைந்த பேரிக்காயை உள்ளங்கைச் சூட்டில் இளக்கிக் கிழவர் வாயில் சாறு பிழிந்துவிடுவான். பாசம் இருந்த அளவுக்குப் புத்தி இல்லை, அவ்வளவுதான்.

கிழவரின் ரத்தத்தில் மருந்துக்கு அடங்காத கிருமி. கழுத்து நரம்பில் செருகியிருந்த குழாயில்தான் அது குடியிருந்தது. காலையில் டாக்டர் லுவான் குழாயை எடுக்க வந்தாள். நர்ஸ் என்ற முறையில் நானும் கூட நின்றேன்.

"இத எடுத்துட்டா மருந்து எப்படி ஏறும்?" என்று கேட்டான் ஃபெங்.

"கையில ஊசி போட்டு ஏத்திக்கலாம்ணே. இது உள்ள இருக்கிறவரைக்கும் எந்த மருந்தும் கேக்காது," என்றாள் லுவான்.

"கைய விரிச்சுட்டீங்க. அத நாசூக்கா சொல்றீங்களாக்கும்."

அவன் பெரியப்பாவுக்குக் குழாயைக் கழற்றிய அன்றே உயிர் போயிருந்தது. அதைத்தான் அவன் மனதில் வைத்திருந்தான்.

லுவான் கையுறை மாட்டினாள். அவன் சலைன் மாட்டியிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கி அவள் முகத்தில் அடித்தான். மூக்கெலும்பு ஒடிந்தது எனக்குக் கேட்டது. விழுந்தவளின் விலாவில் உதைத்தான். தடுத்த என்னை ஜன்னல் கட்டையில் மோதினான், என் முன்பல் உடைந்தது. இருவரையும் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, கதவுக்குக் குறுக்கே அலமாரியைத் தள்ளினான்.

"கிட்ட வந்தா மண்டையப் பொளந்துருவேன்."

கதவுக் கண்ணாடி வழியே கிழவர் வெடவெடவென நடுங்குவது தெரிந்தது.

"உங்கப்பாவப் பாருய்யா, ஜன்னி வருது," என்று கத்தினேன்.

"குளிருதும்மா அவருக்கு. நான் போத்திவிடறேன்." தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டான்.

நாள் முழுக்கப் பேசிப் பார்த்துவிட்டுப் போலீஸ் கதவை உடைத்து அவனைத் தரையில் போட்டு அழுத்தியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு லுவான் குழாயை உருவினாள். கிழவரின் பிரஷர் அதற்குள் அடியோடு இறங்கிவிட்டது. சற்று நேரத்தில் இதயம் நின்றது.

வார்டு வராந்தாவில் விலங்கோடு உட்கார்ந்திருந்தவன் லுவானைப் பார்த்தான்.

"என்னாலயா டாக்டரம்மா?"

"வயசாயிருச்சு. சக்கரை வேற. கிட்னியும் கெட்டிருந்துச்சு. முன்னாடி போட்ட மருந்துக்கெல்லாம் கிருமி பழகிருச்சு." ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாமே உண்மை. ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டாள்.

என் வாயில் ரத்தம் இன்னும் கரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"காலையிலயே எடுக்க விட்டிருந்தா பொழைச்சிருக்கலாம்," என்றேன்.

அவன் தலையைச் சுவரில் மோதத் தொடங்கினான், சுண்ணாம்பு சிவக்கும்வரை. லுவான்தான் ஓடிப்போய் அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவே தன் கையைக் கொடுத்தாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.