கடைசிப் பத்து நிமிடம்

ஜோவிதாவுக்குக் கிழமைகள் எப்போதும் கொஞ்சம் குழப்பம்தான். சாயங்காலம் மாதா கோயில் மணி வழக்கத்தைவிட நீளமாக அடித்து, நவநாள் பாட்டும் கேட்டால் அன்றைக்குப் புதன்கிழமை என்று தெரியும். மற்றபடி எல்லா நாட்களும் ஒரே நாள் மெல்ல நீண்டுகொண்டு போவதுபோலவே அவளுக்கு இருந்தது. வயது பதினைந்து. கொரோனா நேரத்தில் ஐந்தாம் வகுப்பை வீட்டிலிருந்தபடியே முடித்தவள், பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது திரும்பிப் போகவில்லை. "வீட்லயே படிக்கிறேன்மா, நல்லாத்தானே இருக்கு" என்று அவள் கேட்டதற்கு அம்மா கேத்தரின் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். கேத்தரினுக்குப் பள்ளிப் பாடப்புத்தகங்களைத் திருத்தும் வேலை. அதையும் வீட்டிலிருந்தேதான் பார்த்தாள். அப்பா ரெமிஜியஸுக்கு நகரத்தின் மறுகோடியில், ஒயிட்ஃபீல்டில் வேலை. காலையில் மெட்ரோ பிடித்தால் இருட்டிய பிறகுதான் வருவார்.

காலை எட்டு முதல் பதினொன்று வரை சாப்பாட்டு மேஜையில் கணக்கும் அறிவியலும். அடுத்த வருஷம் திறந்தநிலைப் பள்ளி மூலமாகப் பத்தாவது எழுத வேண்டும். அந்த மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பகல் முழுக்க அவளுடையது. காக்ஸ் டவுனில் அவர்கள் குடியிருந்தது ஒரு பழைய வீட்டின் மாடி. வராந்தாவில் ஒரு பிரம்பு நாற்காலி, எதிரே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். கால்களை மடக்கி நாற்காலிக்குள் சுருண்டுகொண்டு படிப்பாள். படிக்கிற புத்தகத்தில் என்ன பருவமோ அதுதான் அவளுக்கும். பனி பெய்கிற ஊரைப் பற்றிய நாவல் ஒன்றில் இருந்தபோது, மே மாத வெயிலில், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். கேத்தரின் ரசத்தைச் சூடு பண்ணி ஊற்றினாள்.

சாப்பிட்டதும் படம். அப்பாவின் பழைய லேப்டாப்பில், எந்த நாட்டுப் படமாக இருந்தாலும், கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடினால் போதும். அந்த நேரத்தில் தெருவில் ஒரு ஆட்டோகூட வராது. மரத்து நிழல் வராந்தாத் தரையில் அசைவதும் திரையில் யாரோ நடப்பதும் அவளுக்கு ஒன்றாகவே தோன்றும்.

அப்படி ஒரு மத்தியானம்தான் கீழேயிருந்து குரல் வந்தது.

"மேல யாரு? அந்தப் படத்துல ரெண்டு நிமிஷமா யாரும் பேசவே இல்ல. என்னதான் நடக்குது?"

ஜோவிதா எட்டிப் பார்த்தாள். கீழ் போர்ஷனுக்கு ஏப்ரலில் குடிவந்த சோஃபியா, வாசல் படியில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். முகம் மேலே திரும்பியிருந்தது, ஆனால் ஜோவிதா நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி. கேஜிஎஃப் ஊர்க்காரி, இருபத்தாறு வயது. ஒரு வங்கியின் தொலைபேசிப் பிரிவில் வேலை. காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களிடம் பேசுவாள். ஒன்பது வயதில் அவளுக்குப் பார்வை போய்விட்டது.

"ஒருத்தர் சைக்கிள்ல போறாருக்கா" என்றாள் ஜோவிதா.

"எங்க?"

"ஒரு பாலத்து மேல. மழை பெய்யுது. கைப்பிடியில ஒரு பை தொங்குது."

"பையில என்ன?"

"தெரியல. கனமா இருக்கும்போல. வண்டி ஒரு பக்கமா சாயுது."

"சரி. இறங்கி வா. இங்க உக்காந்து சொல்லு."

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு ஜோவிதா லேப்டாப்போடு கீழே போனாள். ஆரம்பத்தில் திரையில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். சோஃபியா கையைக் காட்டி நிறுத்துவாள். "அழகா இருக்கான்னா எனக்கு எப்படித் தெரியும்? மூக்கு எப்படி, நடக்கறப்ப தோள் எப்படி, அதச் சொல்லு." எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வதும், நடுவில் நடப்பதைச் சொல்வதும் மெல்ல மெல்ல ஒரே பேச்சாகக் கலந்தன. சோஃபியாவுக்கு உண்மையில் பிடித்தது சண்டைப் படங்கள். "நீ கொண்டாற படத்துல எல்லாரும் ஜன்னல்கிட்டயே நின்னுட்டிருக்காங்க. யாராச்சும் யாரையாச்சும் அடிக்கிற படம் ஒண்ணு போடேன்" என்பாள். ஆனாலும் கடைசிவரை கேட்பாள்.

முதலில் ஒரு நாய்தான் வந்தது. ஆளில்லாத ஒரு தெருவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "ஒரு நாய் குறுக்க போகுது" என்று ஜோவிதாவின் வாயிலிருந்து வந்துவிட்டது. படத்தில் நாய் இல்லை. ஆனால் அந்தத் தெரு ஒரு நாயை எதிர்பார்த்துக் கிடந்தது மாதிரி அவளுக்கு இருந்தது. சோஃபியா தலையாட்டினாள். அதன்பிறகு ஒரு வெள்ளைத் திரைச்சீலை மஞ்சளாயிற்று. வெடுக்கென்று திரும்பிப் போன ஒரு மனிதன் வாசலில் ஒரு கணம் நின்றான். ஜோவிதா இதைப் பொய் என்று நினைக்கவில்லை. பாதிக் கண் மூடிய மத்தியானத்தில், பார்த்தது எது, படித்தது எது, தானாக வந்தது எது என்று அவள் பிரித்துப் பார்க்கவே இல்லை.

பதினொன்றாவதாகப் பார்த்தது ஒரு படகுத்துறைப் படம். அகலமான ஆறு, இரண்டு சகோதரிகள். அக்கா பரிசல்காரி, ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவாள். தங்கை ஒரு சிவப்புப் பெட்டியோடு நகரத்துக்குப் போய்விடுகிறாள். அக்கா காத்திருக்கிறாள். படத்தில் பேச்சே அதிகம் கிடையாது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, தண்ணீர்ச் சத்தமும் துடுப்புச் சத்தமும் மட்டும். தூரத்தில் ஒரு உருவம் துறையை நோக்கி வருகிறது. ஜோவிதா சோஃபியாவைப் பார்த்தாள். அவள் இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வர்றது யாரு ஜோவி? அவளா?"

வந்தது வேறு யாரோ ஒரு வயதான ஆள், கூடையோடு.

"அவதான்க்கா. சிவப்புப் பெட்டி இருக்கு" என்றாள் ஜோவிதா.

பிறகு பத்து நிமிடம் அவள் பேசிக்கொண்டே போனாள். திரையில் அக்கா அந்த ஆளை அக்கரையில் விட்டுத் தனியாகத் திரும்பிவந்துகொண்டிருந்தாள். ஜோவிதாவின் சொல்லில் இரண்டு பெண்கள் ஒரே பரிசலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்ச் சத்தமும் துடுப்புச் சத்தமும் இரண்டுக்குமே பொருந்தின. முடிந்ததும் சோஃபியா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல படம்" என்றாள். ஜோவிதா மாடிப்படி ஏறும்போது தரையில் கால் படாத மாதிரி இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவள் போனபோது சோஃபியா வழக்கமான இடத்தில் இல்லை. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஜோவி, அந்தப் படத்துல தங்கச்சி வந்தாளா?"

ஜோவிதாவுக்கு லேப்டாப் திடீரென்று கனத்தது. "ஏன்க்கா?"

"எங்க டீம்ல ஆம்ப்ரோஸ்னு ஒருத்தர் இருக்காருன்னு சொன்னேன்ல. நேத்து பூசை முடிஞ்சு அல்சூர் பக்கம் காப்பி சாப்பிடப் போனோம். அந்தப் படத்தப் பத்திச் சொன்னேன். அவரும் பாத்திருக்காராம். தங்கச்சி வரவே மாட்டாங்களே அப்படின்னாரு. நான் விடல. பெட்டிகூட சிவப்புன்னு சண்ட போட்டேன். பக்கத்து டேபிள்ல இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பாத்திருப்பாங்க. அப்புறம் அவரு பேச்ச மாத்திட்டாரு. பாவப்பட்டு மாத்தினாருன்னு எனக்குத் தெரிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தினாள். "வந்தாளா?"

"வரலக்கா."

"வேற எதெல்லாம் இல்ல?"

ஜோவிதா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ரோடு தாண்டறப்ப யாராவது கையப் பிடிச்சு, வண்டி வரல வாங்கன்னா நான் நடந்துடுவேன். உன்னையும் அப்படித்தான் நம்பினேன். கத சொல்றேன்னு சொல்லியிருந்தா கதையா கேட்டிருப்பேன். நீ பாத்துத்தானே சொல்றேன்னே." சோஃபியாவின் குரல் உயரவில்லை. வாடிக்கையாளர்களிடம் பேசுகிற குரலாக இருந்தது. "எனக்கு இன்னிக்குத் தலவலி. நீ போ."

அடுத்த நாள் மூன்று மணிக்கு ஜோவிதா கீழே போகவில்லை. புத்தகத்தைத் திறந்தாள். ஒரே பக்கத்தை நாலு முறை படித்தும் எழுத்துகள் தாளிலேயே நின்றன, உள்ளே வரவில்லை. சாயங்காலம் இடி இடித்து நாலு துளி விழுந்தது, நின்றுவிட்டது. கேத்தரின் ஆறாம் வகுப்புப் புவியியலில் ஒரு பிழையைச் சுழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கீழ போகலயா?"

"இல்லம்மா."

"சண்டையா?"

ஜோவிதா எல்லாவற்றையும் சொன்னாள். நாயிலிருந்து சிவப்புப் பெட்டிவரை. கேத்தரின் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நான் போய் சோஃபியாகிட்ட பேசட்டுமா?"

"வேணாம்மா. நான்தான் பேசணும். எப்படின்னுதான் தெரியல."

எப்படி என்பது மறுநாள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது தெரிந்தது. பதினொன்று அடித்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முதல் படத்திலிருந்து ஆரம்பித்தாள். சைக்கிள், பாலம், மழை. இந்தமுறை ஒவ்வொரு காட்சியிலும் நிறுத்தி, தான் என்ன சொன்னோம் என்று யோசித்து, இல்லாததைச் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதினாள். ஒரு நாளைக்கு இரண்டு படம். ஆறு நாள் ஆயிற்று. இதற்கு முன் எத்தனையோ படம் பார்த்திருந்தாலும், இவ்வளவு விழித்துக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை. தான் பார்க்காமலே விட்டவையும் ஏராளம் இருந்தன. ஒரு பெண் பேசும்போதெல்லாம் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் ஒளித்துக்கொண்டாள். ஒரு வீட்டின் கதவு எந்தக் காட்சியிலும் முழுதாகச் சாத்தியிருக்கவே இல்லை. அவற்றையும் எழுதினாள்.

ஏழாம் நாள் மத்தியானம் எல்லாவற்றையும் போனில் ஒரே செய்தியாகத் தட்டி சோஃபியாவுக்கு அனுப்பினாள். வராந்தாவில் போய் நின்றாள்.

கீழேயிருந்து சோஃபியாவின் போன் பேச ஆரம்பித்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் அந்த இயந்திரக் குரலை சோஃபியா மற்றவர்களுக்குப் புரியாத வேகத்தில் வைத்திருப்பாள். எழுதியவள் என்பதால் ஜோவிதாவுக்கு அங்கங்கே புரிந்தது. மூன்றாவது படம் நாய் இல்லை. நான்காவது படம் திரைச்சீலை வெள்ளை. அந்த ஆள் வாசலில் நிற்கவில்லை நேராகப் போய்விட்டான். அவளுடைய பொய்கள் ஒவ்வொன்றாக, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், ஜன்னல் வழியாக மரத்தடிக்கு வந்துகொண்டிருந்தன. காது சூடேறியது. உள்ளே ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. குரல் நின்றது.

அப்புறம் படியில் கோல் தட்டும் சத்தம். சோஃபியா முதல்முறையாக மாடிக்கு வந்தாள். கேத்தரின் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"உக்காருப்பா. டீ போடறேன்."

"போடுங்க ஆன்ட்டி." சோஃபியா உட்கார்ந்து கோலை மடித்து மடியில் வைத்தாள். "அது என்ன ஊரு, தெருவுல ஒரு நாய்கூட இல்லாம?"

ஜோவிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சாரிக்கா."

"கோவம் இன்னும் போகல. ஆனா அந்தக் கட்டவிரல் விஷயம் நல்லாருந்துச்சு. அத ஏன் அப்பவே சொல்லல?"

"அப்ப பாக்கலக்கா."

"ம்." டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "ஆம்ப்ரோஸ் ஞாயித்துக்கிழம வரேங்கறாரு, படம் பாக்க. அவருக்கும் ஜன்னல் படம்தான் பிடிக்குமாம். என் தலையெழுத்து. சரி, அந்தப் பரிசல் படத்தக் கொண்டா. கடைசிப் பத்து நிமிஷம்."

ஜோவிதா லேப்டாப்பைத் திறந்தாள். வெளியே பகல் சட்டென்று கறுத்தது. மரம் ஒருமுறை முழுதாக உதறிக்கொண்டது, மழை பிடித்துக்கொண்டது, இந்தமுறை நிஜமான மழை.

"தூரத்துல ஒருத்தர் வர்றாரு" என்று ஆரம்பித்தாள். "வயசானவரு. தலையில கூடை. அக்கா எழுந்து நிக்கறா. கண்ணுக்கு மேல கைய வச்சுப் பாக்கறா. கைய எறக்கிட்டா."

"தெரிஞ்சுடுச்சா அவளுக்கு?"

"தெரிஞ்சுடுச்சு. பரிசல இழுத்துக் குடுக்கறா. அவரு ஏறுறாரு. கூடைய மடியில வச்சுக்கறாரு."

படம் நின்றது. விளக்கும் மின்விசிறியும்கூட நின்றிருந்தன.

"கரண்ட் போச்சு. வைஃபையும் போச்சுக்கா. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

"உனக்குத்தான் ஞாபகம் இருக்குமே. சொல்லேன்."

முந்தின நாள்தான் பார்த்தது. ஒவ்வொரு அசைவும் அவளுக்கு நினைவிருந்தது. வாயைத் திறந்தாள், மூடினாள்.

"வந்துடட்டும்க்கா. பாத்துட்டே சொல்றேன்."

சோஃபியா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். மூன்று பேரும் அந்த அரை இருட்டில் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டு விளிம்பிலிருந்து விழும் தண்ணீர் ஒரு சத்தம், இலைமேல் விழுவது வேறு சத்தம், கீழே யாரோ விட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் வாளியில் விழுவது இன்னொன்று. ஆறு வராந்தா வரைக்கும் வந்துவிட்டதுபோல ஜோவிதாவுக்கு இருந்தது. அரைமணி நேரம் கழித்து விளக்கு வந்தது.

"அக்கரையில எறக்கி விட்டுட்டா" என்றாள். "திரும்பி வர்றா. பரிசல்ல அவ மட்டும்தான். கட்டிப் போடறா. கரையில உக்காந்துட்டா."

"அழறாளா?"

ஜோவிதா திரைக்கு அருகில் குனிந்தாள். "தெரியலக்கா. முதுகுதான் தெரியுது."

தண்ணீர்ச் சத்தம் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அதுவும் நின்று ஒரு மெல்லிய இசை வந்தது.

"முடிஞ்சுதா?"

"படம் முடிஞ்சுது. பேரெல்லாம் ஓடுது."

"படி" என்றாள் சோஃபியா.

ஜோவிதா படிக்கத் தொடங்கினாள். நாக்குக்குப் பழக்கமே இல்லாத பெயர்கள். நடித்தவர்கள், ஒளி அமைத்தவர்கள், பரிசல் செய்து கொடுத்தவர், ஆற்றின் சத்தத்தைப் பதிவுசெய்தவர். தடுக்கிய இடங்களில் நிறுத்தி, மறுபடி எழுத்துக் கூட்டி, ஒன்றையும் விடாமல் படித்துக்கொண்டே போனாள்.