உப்பில்லாத புளியோதரை

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில், கேன்டீன் சமையலுக்கு ஆள் எடுத்தது. எம்பாரும் போய் நின்றான். வயது இருபத்தெட்டு. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் எட்டு வருஷம் கரண்டி பிடித்தவன். இப்போது அங்கே பெருமாளுக்குச் சமைத்துப் படைக்கும் தினப்படி தளிகை சுருங்கிவிட்டது; அதற்கு அவன் சித்தப்பா ஒருவரே போதும். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அடுப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

மேனேஜர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். உன்னை இப்படி ஆக்கிய நல்ல அனுபவம் ஒன்று சொல். சமையல்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறார், விடுவாரா? முன்னால் போன சடையப்பன், ஒரு கல்யாணத்தில் தன் பாயசத்தை மாப்பிள்ளையே எழுந்து வந்து பாராட்டியதை அளந்தான். வெளியே வரை கேட்டது.

எம்பாருக்குப் பாராட்டு எதுவும் நினைவுக்கு வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று. அதைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று தெரியும். பொய் சொல்லவும் சாமர்த்தியம் போதாது. சொன்னான்.

அறுபத்தாறு, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. மடைப்பள்ளிக்கு அவன் புதுசு. வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் தளிகை செய்ய வேண்டும். பெருமாளுக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. முதல் அண்டாப் புளியோதரையில் உப்புப் போட மறந்துவிட்டான். நூறு பேர் வாங்கிச் சாப்பிட்டார்கள். பிரசாதத்தைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? சோழவரத்துக் குடியானவப் பெண்மணி பூவம்மாள் மட்டும், வரிசை ஓய்ந்ததும் பின்வாசலுக்கு வந்தாள்.

"சாமி, சோத்துல உப்பு இல்ல. நான் யாராண்டயும் சொல்லல. அடுத்த அண்டாவுல போட்டுடு."

அவ்வளவுதான், போய்விட்டாள். சித்தப்பா காதில் விழுந்திருந்தால் அன்றே அவனை வெளியே அனுப்பியிருப்பார். அதற்குப் பிறகு எம்பார் சமைத்து இறக்கியதும் உள்ளே உட்கார்ந்ததில்லை. சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்க்க வெளியே வந்துவிடுவான்.

மேனேஜர் பேனாவை மூடினார். "நல்ல அனுபவம் கேட்டேன். நீ செஞ்ச தப்பைச் சொல்றியே."

"தப்பு என்னோடது சார். நல்லது அந்தம்மா பண்ணினது."

சமையல் வேலை சடையப்பனுக்குப் போயிற்று. எம்பார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஆனால் மேனேஜர் அவனையும் விடவில்லை. கூடத்தில் நின்று, சாப்பிடுகிறவர்களின் குறையைக் கேட்டு அடுக்களைக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று அப்போதே ஒரு வேலையை உண்டாக்கிக் கொடுத்தார்.

முதல் நாள் சாம்பாரில் புளி தூக்கல். தொழிலாளிகளின் முகத்திலேயே தெரிந்தது. எம்பார் அடுக்களைக்குப் போனான். சடையப்பனைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை அவன் தண்ணீர் குடிக்க வந்தவன்போல் ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.