சமாதான நீதவானின் நியாயமான போர்

எங்கள் வீட்டுக் கேற்றில் ஒரு பலகை தொங்குகிறது. 'எஸ். ஜீவராஜ், அகில இலங்கை சமாதான நீதவான்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். ஊரார் அதை ஆங்கிலத்தில் சுருக்கி ஜேபி என்பார்கள். அகில இலங்கைக்கும் சமாதானம் வழங்க அதிகாரம் பெற்ற அந்த மனிதருக்குப் பக்கத்து வீட்டோடு சமாதானமாக இருக்கத் தெரியவில்லை. நான் அவருடைய மனைவி மெட்டில்டா. ஆகவே நான் சொல்வதை நம்பலாம்.

மாத்தளையிலிருந்து பல்லேபொல போகிற பாதையில் எங்கள் வளவு. அடுத்தது மக்கீன் நானாவுடையது. மிளகு, கராம்பு, தென்னை எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. நடுவில் ஒரு வேலி, வேலியில் ஓர் ஆள் நுழையும் வழி. நோன்பு மாதத்தில் அந்த வழியாகத்தான் தினமும் பின்னேரம் கஞ்சி வரும். அனுப்புகிறவள் நானாவின் மனைவி நூருன்னிஸா. நான் கலியாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. வெள்ளிக்கிழமை கத்தோலிக்கரான நாங்கள் இறைச்சி தொடுவதில்லை என்று தெரிந்து, அன்றைக்கு மட்டும் இறைச்சி போடாமல் ஒரு தனிப் பானை வைப்பாள்.

இந்த வருடம் எங்கள் தவக்காலமும் அவர்களுடைய நோன்பும் ஒன்றாகவே தொடங்கின. இரண்டு வீட்டு ஆண்களும் பசியோடு இருந்தார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இங்கே பதினோராவதாகத் தேங்காயும் பறந்தது. குரங்குகள் கூட்டமாக வந்து, குரும்பையைப் பிடுங்கி ஒரு கடி கடித்துவிட்டு எறிந்தன. தேங்காய் விற்கிற விலைக்கு அது தங்கத்தைக் கடித்து எறிகிற மாதிரி.

மக்கீன் நானா யானை வெடி கொளுத்தினார். குரங்குகள் வேலி தாண்டி எங்கள் பக்கம் வந்தன. என் வீட்டுக்காரர் இவர் தகரம் தட்டினார். அவை அந்தப் பக்கம் போயின. முதலில் யார் விரட்டியது என்று கேட்டால் இரண்டு பேரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். குரங்குகளுக்கு வேலியும் தெரியாது, ஜேபியும் தெரியாது. இரண்டு பக்கமும் தின்று நன்றாகக் கொழுத்தன.

பிறகு இவர் போனில் எங்கிருந்தோ ஒரு புலி உறுமலை எடுத்து, நத்தார் கரோலுக்கு வாங்கிய ஸ்பீக்கரில் போட்டார். முதல் நாள் குரங்குக் கூட்டம் மொத்தமாக நானாவின் தென்னைகளில் ஏறியது. அவருடைய கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. சில நாளில் பெரிய குரங்கொன்று ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்து பேன் பார்த்தது. இலங்கைக் குரங்கு எந்தக் காலத்தில் புலியைக் கண்டது? ஆனாலும் இவர் நிறுத்தவில்லை. வேலி வழியை முள்ளுக்கம்பியால் கட்டி அடைத்தார். அன்றோடு கஞ்சி நின்றது. நூருன்னிஸாவின் முகமும் எனக்கு நின்று போனது. கிணற்றடியில் அவள் இருமுகிற சத்தம் கேட்கும், கூப்பிட வாய் வராது. ஆண்கள் தொடங்கிய சண்டையில் நாங்கள் ஏன் ஊமையாக வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இந்த லட்சணத்தில்தான் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பாதர் போரைப் பற்றிப் பேசினார். டிவியில் தினமும் குண்டு விழுகிறதைப் பார்த்த பிள்ளைகள், கிறிஸ்தவன் சண்டை போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆதிக் கிறிஸ்தவர்களில் பலர் வாளைத் தொடவே மாட்டோம் என்று உயிரை விட்டதைச் சொன்னார். பிறகு வந்த பெரியவர்கள், போர் நியாயமாக இருக்க என்னென்ன வேண்டும் என்று வகுத்ததையும் சொன்னார்.

"காரணம் நியாயமா இருக்கணும். அதிகாரம் உள்ளவங்கதான் அறிவிக்கணும். மனசுல வஞ்சம் இருக்கக் கூடாது. வேற வழியெல்லாம் பார்த்து முடிஞ்சிருக்கணும். ஜெயிக்கிறதுக்கு வாய்ப்பு இருக்கணும். தடுக்கிற கேட்டைவிட நாம செய்யிற கேடு பெரிசாகிடவும் கூடாது."

எனக்குப் பக்கத்தில் இவர் விரல் மடக்கிக் கொண்டிருந்தார். நினைத்தபடியே எழுந்தார்.

"பாதர், ஒரு கன்னத்துல அடிச்சா மறு கன்னத்தைக் காட்டச் சொல்லியிருக்கு. தேங்காயைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

கோயிலே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.

"சரி, ஆண்டவர் பேதுருகிட்ட வாளை உறையில போடச் சொன்னாரு. அப்ப பேதுருகிட்ட வாள் இருந்திருக்குதானே? கூடவே சுத்தின ஆளுகிட்ட இது எதுக்குன்னு அதுவரைக்கும் கேக்கலையே?"

பாதர் தாடியைச் சொறிந்தார். "நல்ல கேள்விதான், ஜேபி. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் படிச்ச எந்தச் சண்டையிலயும் முதல்ல ஆரம்பிச்சவன்னு ஒருத்தன் இல்ல. எல்லாரும் ரெண்டாவதாத்தான் ஆரம்பிச்சிருக்காங்க."

இவர் காதில் அது விழவில்லை. வீடு வரும்வரை விரலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எல்லாம் பொருந்துது மெட்டில்டா. காரணம் தேங்காய். அதிகாரம் எனக்கு இருக்கு."

"உங்களுக்கு இருக்கிறது போட்டோ கொப்பியில ஒப்பம் வைக்கிற அதிகாரங்க. அதுவும் சமாதான நீதவான். போர் நீதவான் இல்ல."

"வஞ்சம் துளியும் இல்ல."

"அப்ப ஏன் அவரு மத்தியானம் லுஹர் தொழுதுட்டுத் தூங்குற நேரமாப் பார்த்துப் புலியை விடுறீங்க?"

அடுத்த வெள்ளி டவுனுக்குப் போய்வந்தவர் மேல் மாட்டிறைச்சி ரோல்ஸ் மணத்தது. கேட்டேன். போர்க்காலத்தில் விதிவிலக்கு உண்டு என்றார். கஞ்சி இல்லாத ஏக்கம் மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

அதற்கு அடுத்த வெள்ளி, பின்னேரம், மக்கீன் நானா எங்கள் கேற்றைத் தட்டினார். கையில் ஒரு கடதாசி. வெளுத்த சட்டை, வறண்ட உதடு.

"ஜேபி ஐயா ஈக்கிறாங்களா?"

இத்தனை வருடம் 'ஜீவராஜ்' என்று வேலிக்கு மேலால் கத்திய மனிதர். இவர் உடனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையில் போய் உட்கார்ந்தார்.

"என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"சத்தியக் கடதாசி. மத்தியஸ்த சபைக்கு ஒண்டு, பொலிஸுக்கு ஒரு கொப்பி. ஒப்பம் வெச்சி சீல் குத்தோணும்."

"யாருக்கு எதிரா?"

"ஒங்களுக்கு."

நான் அடுப்படி வாசலில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எனக்கு எதிரான கடதாசியில நானே எப்படி ஒப்பம் வைக்கிறது?"

"மத்த ஜேபி பல்லேபொலயில. இந்த நேரத்துல, நோன்போட, பஸ்ல போக ஏலா. ஜேபி எண்டா எல்லாருக்கும் பொதுதானே? போட்ல அப்படித்தானே போட்டீக்கி?"

பலகையைச் சொன்னதும் இவர் கரைந்துவிட்டார். படித்து மட்டும் பார்க்கிறேன் என்று வாங்கி, தன் குற்றங்களைத் தானே உரத்து வாசிக்கத் தொடங்கினார்.

"'மேற்படி ஜீவராஜ் என்பவர் வேண்டுமென்றே குரங்குகளை எனது காணிக்குள் அணுப்பினார்.' மூணு சுழி ணவா? ரெண்டு சுழி ன போடுங்க." பேனாவை எடுத்துத் திருத்தினார். "'அவர் தகரம் அடித்தார்.' சரி. 'அவர் தினமும் தனது வீட்டில் புலியை...'"

அங்கே நின்றுவிட்டார்.

"என்ன, வாசிங்க" என்றார் நானா.

"'தனது வீட்டில் புலியை ஒலிபரப்பி வருகிறார்.'"

ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்த குரங்கு என் நினைவுக்கு வரவில்லை. என் தம்பிதான் வந்தான். கொழும்பில் கடையில் நின்ற பிள்ளை. யாரோ எழுதிய மொட்டைக் கடிதத்தில் இருந்த அந்த ஒரு சொல்லுக்காக நாலு வருடம் உள்ளே கிடந்தான். இன்றைக்கும் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பான். நாட்டுச் சண்டை முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் ஒரு தமிழன் வீட்டில் புலி என்று எழுதிய கடதாசி பொலிஸ் மேசைக்குப் போனால், அதைக் குரங்கு விரட்டிய கதையாகத்தான் படிப்பார்கள் என்று யார் உறுதி தருவது? இந்த மனிதரை நான் எத்தனை பரிகாசம் செய்தாலும், இவர் எனக்கு வேண்டும்.

மக்கீன் நானா என் முகத்தைப் பார்த்தார். சிறையில் என் தம்பியைப் பார்க்க என் அம்மா போனபோதெல்லாம் துணைக்கு பஸ் ஏறியவர் அவர்தான். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"யா அல்லாஹ்! நான் அப்படி நெனச்சி எழுதல்ல, மெட்டில்டா. அந்தச் சொல்ல வெட்டுங்க, ஜீவராஜ். சிறுத்தை எண்டு போடுங்க."

இவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் ஜேபி ஜேபிதான்.

"சிறுத்தைன்னு எப்படிப் போடுறது நானா? அது புலிதானே?"

"சிறுத்தை எண்டு போட்டா என்ன?"

"பொய். சத்தியம் பண்ணணும் நீங்க. நோன்போட."

நானா தலையை ஆட்டினார். "நோன்போட பொய்ச் சத்தியம் செய்ய ஏலாதான்."

"உண்மையை எழுதினா நான் உள்ள போவேன். பொய்யை எழுதினா உங்க நோன்பு போயிடும்." இவர் கடதாசியின் கடைசி வரிக்கு வந்தார். "இதையும் பாருங்க. 'நான் ஒருபோதும் அவரது காணிக்குள் குரங்குகளை விரட்டியதில்லை.' இதுக்குச் சத்தியம் பண்ணுவீங்களா?"

நானா தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டார். "அத எழுதுற நேரம் வகுறு சரியாப் பசிச்சிது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. இவருக்கும் வந்தது. கடைசியில் நானாவே கடதாசியை வாங்கி நாலாகக் கிழித்தார்.

அப்போது பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. நோன்பு திறக்க வேண்டிய மனிதர் எங்கள் வீட்டில் வெறும் வாயோடு இருந்தார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அதே நேரம் கேற்றடியில் நூருன்னிஸா நின்றாள், கையில் பானையோடு. போன புருஷனைக் காணவில்லை என்று, வேலி வழி அடைத்திருந்ததால் றோட்டால் சுற்றி வந்திருந்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். "பான, பான!" என்று கத்தினாள்.

நாலு கோப்பையில் ஊற்றினாள். இவர் கரண்டியால் கிளறிப் பார்த்தார். ஒரு துண்டு இறைச்சி இல்லை. வெள்ளிக்கிழமைப் பானை.

"இன்னைக்குச் சமாதானமாகும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டேன்.

"எனக்கெங்க தெரிஞ்சிச்சு? வெள்ளிக்கெழம எண்டா கை தானா அந்தப் பானைய எடுக்கும். எல்லா வெள்ளியும்தான் ஆக்கின."

"ஆக்கி என்ன செஞ்சே?"

"கொட்டவா ஏலும்? இவருக்குத்தான் குடுத்த. எறச்சி எங்க, எறச்சி எங்க எண்டு ஏசி ஏசிக் குடிச்சார்."

இவர் கரண்டியை வைத்தார். மக்கீன் நானாவை ஒரு நிமிடம் பார்த்தார்.

"அப்ப இந்தத் தவக்காலத்துல வெள்ளி தவறாம இறைச்சி தொடாம இருந்தது நானாதானா?"

"ஆமாங்க. உங்க ரோல்ஸை நான் யார்கிட்டயும் சொல்லல" என்றேன்.

ஒன்றும் பேசாமல் எழுந்தார். அலுமாரிக்குக் கீழிருந்து கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்துக்கொண்டு இருட்டில் வேலிப் பக்கம் நடந்தார். "குடிச்சிட்டுப் போங்களேன், ஜீவராஜ்" என்றபடி நானா டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். முள்ளுக்கம்பி அறுபடுகிற சத்தம் கேட்டது. டோர்ச்சைப் பிடிக்கிற விதத்தைப் பற்றி இரண்டு பேரும் ஏசிக்கொள்கிறதும் கேட்டது.

"கஞ்சி ஆறப் போகுதே" என்றாள் நூருன்னிஸா.

"ஆறட்டும்" என்றேன்.